நீலகிரியில் ஓடும் பழைய காருக்கு ஹீட்டர், ஏ.சி. ஒயரிங் பழுதுபார்க்கும் முறை

நீலகிரியில் வண்டி ஓட்டுபவருக்கு ஹீட்டரும் ஏ.சி.யும் உடலுக்குச் சுகம் தருவதைவிட, கண்ணுக்குச் சாலையைக் காட்டுவதற்கே அதிகம் தேவைப்படுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் குன்னூரிலிருந்து பர்லியாறு நோக்கி இறங்கும்போதும், ஆடி மாதச் சாரலில் கூடலூர் மலைப்பாதையில் ஏறும்போதும், வண்டிக்குள் இருப்பவர்களின் மூச்சுக்காற்றே முன்கண்ணாடியில் ஆவியாகப் படிந்து பார்வையை மறைத்துவிடுகிறது. ஏ.சி.யின் கூலிங் காயில் காற்றிலுள்ள ஈரத்தை நீராக்கி வெளியே வடித்துவிட, ஹீட்டர் அந்த உலர்ந்த காற்றைச் சூடாக்கிக் கண்ணாடியின் மீது செலுத்துகிறது. இரண்டும் சேர்ந்து வேலை செய்தால் சில நிமிடங்களில் கண்ணாடி தெளிந்துவிடும். ஒரு கையில் துணியை வைத்துத் துடைத்துக்கொண்டே கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பும் பழக்கம் நம் ஊர்களில் சகஜமாகிவிட்டது. அது உயிரோடு விளையாடும் பழக்கம் என்பதால்தான் இந்த ஒயரிங் வேலையை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மாருதி 800, ஜென், எஸ்டீம், முதல் தலைமுறை சான்ட்ரோ, பின்னாளில் ஏ.சி. பொருத்தப்பட்ட அம்பாசடர் போன்ற வண்டிகளை மனத்தில் வைத்தே இதை எழுதியிருக்கிறேன். இவற்றின் ஹீட்டர், ஏ.சி. மின்சுற்று எளிமையானது, ஒரு மல்டிமீட்டரும் பொறுமையும் இருந்தால் வீட்டு வாசலிலேயே பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். நான் பார்த்தவரை, மோட்டார் போய்விட்டது, கம்ப்ரஸர் போய்விட்டது என்று சொல்லி மாற்றப்படும் பாகங்களில் பல நல்ல நிலையில் இருப்பவையே. உண்மையான பழுது ஒரு கருகிய கப்ளரிலோ (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் செருகி), துருப்பிடித்த எர்த் போல்ட்டிலோ (நெகட்டிவ் ஒயரை வண்டியின் பாடியோடு இணைப்பது), பழுதான ரிலேயிலோ (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இருந்திருக்கும். ஆகவே அளந்து பார்க்காமல் எந்தப் பாகத்தையும் மாற்றக் கூடாது.

ஒயரிங் பழுதுதானா என்று முதலில் உறுதிசெய்தல்

புளோயர் (காற்றை ஊதும் விசிறி) நன்றாகச் சுழன்று காற்றும் வேகமாக வந்து, அந்தக் காற்று மட்டும் சூடாகவில்லை என்றால் ஒயரிங்கைத் தொடவே வேண்டாம். இவ்வகை வண்டிகளில் ஹீட்டரின் சூடு எஞ்சினைச் சுற்றிவரும் தண்ணீரிலிருந்து கிடைப்பதேயன்றி மின்சாரத்திலிருந்து கிடைப்பதில்லை. கோவை, ஈரோடு பக்கங்களில் ஓடிய வண்டியை வாங்கி வந்தவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஹீட்டர் கோர் (சூடான தண்ணீர் ஓடிக் காற்றைச் சூடாக்கும் பாகம்) ஒழுகினால் அதை மாற்றாமல் இரண்டு ஓஸ்களையும் நேராக இணைத்துவிடுவதும், எஞ்சின் சூடாகிறது என்று தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிடுவதும் சமவெளி ஒர்க்‌ஷாப்புகளில் வழக்கம். தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் ஊட்டிக் குளிரில் உரிய வெப்பத்தை எட்டுவதே இல்லை. அதனால் ஹீட்டரும் வெதுவெதுப்பாகவே இருக்கும். பானட்டைத் திறந்து, எஞ்சின் சூடானபின் ஹீட்டருக்குச் செல்லும் இரண்டு ஓஸ்களையும் கவனமாகத் தொட்டுப் பார்த்தால் இது விளங்கிவிடும். இரண்டுமே சூடாக இருந்தால் தண்ணீர் ஓடுகிறது. ஒன்று மட்டும் சூடாக இருந்தால் ஹீட்டர் வால்வோ அதை இழுக்கும் கேபிளோ சிக்கியிருக்கிறது, அல்லது கோர் அடைத்திருக்கிறது.

ஏ.சி. விஷயத்தில் மலைக்கே உரிய ஒரு சங்கதி உண்டு. மார்கழி, தை மாதங்களில் உறைபனி விழுந்த காலையில் ஏ.சி. சுவிட்சைப் போட்டும் கம்ப்ரஸர் கிளட்ச் (கம்ப்ரஸரைப் பெல்ட் புல்லியோடு இணைக்கும் மின்காந்தப் பாகம்) ஒட்டவில்லை என்றால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம். ஏ.சி.யில் நிரப்பப்படும் ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் வெப்பநிலையோடு சேர்ந்து குறைவது. 0 டிகிரியில் அது ஏறக்குறைய 2 பார் அளவுக்கு இறங்கிவிடும். கேஸ் குறைந்தால் கம்ப்ரஸரைக் காப்பாற்றுவதற்காக வைக்கப்பட்டிருக்கும் பிரஷர் சுவிட்ச், பல வண்டிகளில் இதே அளவை ஒட்டித்தான் இணைப்பைத் துண்டிக்கிறது. அதனால் கேஸ் முழுமையாக இருக்கும் வண்டியிலும் விடியற்காலையில் கிளட்ச் ஒட்டாமல் இருப்பது இயல்பே. வெயில் ஏறியபின், எஞ்சினும் சூடான நிலையில் சோதித்து, அப்போதும் ஒட்டவில்லை என்றால் மட்டுமே பழுதைத் தேடத் தொடங்க வேண்டும்.

தொடங்குமுன்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்த இடமில்லாத வீடுகளே இங்கு அதிகம் என்பதால், ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் சக்கரங்களுக்குக் கல் வைத்துக்கொள்ள வேண்டும். ஒயரை வெட்டுவதற்கோ, கப்ளரைக் கழற்றுவதற்கோ முன்பு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது அளக்க நேரும் இடங்களில் சட்டைக்கை, துண்டு, மஃப்ளர் எதுவும் பெல்ட்டின் பக்கம் தொங்கக் கூடாது. ரேடியேட்டர் மின்விசிறி சொல்லாமல் கொள்ளாமல் சுழலத் தொடங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஏ.சி. கேஸ் செல்லும் குழாய்களின் நட்டு எதையும் நாமாகத் தளர்த்தக் கூடாது. அழுத்தத்தோடு வெளியேறும் கேஸ் கண்ணையும் தோலையும் உறையவைத்துவிடும். கேஸ் சம்பந்தமான வேலை முழுவதும் உரிய கருவிகள் உள்ள ஏ.சி. மெக்கானிக்குக்கே உரியது.

கருவிகளாக ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர், டெஸ்ட் லாம்ப், கிரிம்பிங் பிளையர் (முனையை ஒயரோடு நசுக்கி இறுக்குவது), பசையுள்ள ஹீட் ஸ்லீவ் (சூடேற்றினால் சுருங்கி மூடும் உறை), மெல்லிய உப்புத்தாள் ஆகியவை போதும். டெஸ்ட் லாம்பை எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டருக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டிகளின் கம்ப்யூட்டருக்குச் செல்லும் ஒயர்களில் பயன்படுத்தவே கூடாது. அந்த பல்பு இழுக்கும் மின்னோட்டம் கம்ப்யூட்டரின் உள்பாகத்தைக் கெடுத்துவிடக்கூடும். அங்கே மல்டிமீட்டர் மட்டுமே. ஒயர் நிறங்கள் வண்டிக்கு வண்டி, ஆண்டுக்கு ஆண்டு மாறுபவை என்பதாலும், பழைய வண்டிகளில் முன்பே பலர் கைவைத்திருப்பார்கள் என்பதாலும், நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று தேடி, ஒரு தாளில் வரைந்துகொள்வது நல்லது.

புளோயர் மோட்டார்

பழுதுகளில் பெரும்பகுதி இங்கேதான். பழைய காரின் மின்சாதனங்களில் ஹெட்லைட்டுக்கு இணையாகவோ அதைவிட அதிகமாகவோ மின்னோட்டம் இழுப்பது புளோயர்; முழு வேகத்தில் 10 முதல் 20 ஆம்பியர் வரை செல்லும். பல மணி நேரம் தொடர்ந்து ஓடுவதும் அதுவே. மலைக்காற்றின் ஈரத்தில் கப்ளருக்குள் இருக்கும் பித்தளை முனைகளில் பச்சை பூத்து, தொடும் பரப்பு குறைந்து, மின்தடை உருவாகிறது. அந்தத் தடை வெறும் 0.1 ஓம் என்று வைத்துக்கொண்டாலும், 15 ஆம்பியர் செல்லும்போது அங்கே 1.5 வோல்ட் வீணாகி 22 வாட்டுக்கும் அதிகமான சூடு பிறக்கிறது. விரல் நுனி அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் கப்ளருக்குள் ஒரு சாலிடரிங் இரும்பின் சூடு! வெள்ளைக் கப்ளர் முதலில் மஞ்சளாகி, பிறகு காப்பி நிறமாகி, ஒரு துளையின் ஓரம் மட்டும் உருகிச் சரிந்திருக்கும்; அந்தத் துளைக்குள் செல்லும் ஒயரின் உறை அரை அங்குலத்துக்கு விறைத்து, மடக்கினால் நொறுங்கும். பயணி இருக்கையின் முன்னே டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து, டார்ச் வெளிச்சத்தில் புளோயர் கப்ளரையும், அதன் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டரின் கப்ளரையும் இப்படிப் பார்த்தாலே பாதிப் பழுது பிடிபட்டுவிடும்.

கண்ணுக்குத் தெரியாததை மீட்டர் காட்டும். ஆனால் அளக்கும் விதம் முக்கியம். கப்ளரைக் கழற்றிவிட்டு அதன் முனையில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பது பயனற்ற சோதனை. அடைத்துக்கொண்ட குடிநீர்க் குழாயில் திருகை மூடியிருக்கும்வரை அழுத்தம் முழுமையாகவே இருக்கும், திறந்தால்தான் சொட்டுச் சொட்டாக வரும். அதுபோல, ஓர் இழை மட்டும் மிஞ்சியிருக்கும் ஒயர்கூட மின்னோட்டம் செல்லாதபோது மீட்டரில் முழு 12 வோல்ட்டைக் காட்டும். எனவே கப்ளர் மாட்டப்பட்டு, எஞ்சின் ஓடி, புளோயர் முழு வேகத்தில் சுழன்றுகொண்டிருக்கும்போதே, கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய ஊசியை நுழைத்து அளக்க வேண்டும்.

மீட்டரை 20 வோல்ட் டி.சி.யில் வைத்து, முதலில் பேட்டரியின் இரு முனைகளையும் அளந்து குறித்துக்கொள்ளவும். ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். அடுத்து மோட்டாரின் இரண்டு ஒயர்களுக்கு இடையே அளக்கவும். உதாரணமாக பேட்டரியில் 13.9 வோல்ட்டும் மோட்டாரில் 10.8 வோல்ட்டும் இருந்தால் 3.1 வோல்ட் வழியில் தொலைந்திருக்கிறது. அது எந்தப் பக்கம் தொலைந்தது என்று அறிய, மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் கறுப்பு முனையை மோட்டாரின் பாசிட்டிவ் ஒயரிலும் வைக்க வேண்டும். 0.5 வோல்ட்டுக்குள் இருந்தால் அந்தப் பக்கம் குறையில்லை. பிறகு மோட்டாரின் நெகட்டிவ் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளக்க வேண்டும். முதல் அளவு 0.4 என்றும் இரண்டாவது 2.7 என்றும் வந்தால், பியூஸையும் இக்னிஷன் சுவிட்சையும் விட்டுவிட்டு எர்த் பக்கத்தை மட்டும் தேடினால் போதும். மீட்டரின் ஒரு முனையை ஒவ்வொரு இணைப்பாக நகர்த்திக்கொண்டே போனால், எந்த இடத்தைத் தாண்டும்போது அளவு சட்டென்று குறைகிறதோ அங்கேதான் பழுது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானிய வடிவமைப்பை ஒட்டி வந்த பல வண்டிகளில் மோட்டாருக்குப் பாசிட்டிவ் நேராகப் போய்விடும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்சும் ரெசிஸ்டரும் எர்த் பக்கத்தில் இருக்கும். இது தெரியாமல், சுவிட்சை அணைத்தபின்னும் மோட்டாரில் மின்சாரம் இருக்கிறதே என்று ஷார்ட்டைத் தேடி டேஷ்போர்டு முழுவதையும் பிரித்துப்போட்டவர்கள் உண்டு. இத்தகைய வண்டியில் எர்த் பக்கம் வோல்டேஜ் தொலைந்தால், பாடியில் முறுக்கிய எர்த் போல்ட்டோடு புளோயர் சுவிட்சின் கப்ளரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எர்த் போல்ட்டைச் சரிசெய்வது எளிது. கழற்றி, லக்கின் (ஒயர் நுனியிலுள்ள உலோக வளையம்) அடிப்பக்கத்தையும் பாடித் தகட்டையும் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, அதன்மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் சில மழைக்காலங்கள் தாங்கும். எர்த் பக்கம் மொத்தமாக 0.2 வோல்ட்டுக்குள் வந்துவிட்டால் நல்ல வேலை.

முழு வேகத்தில் மட்டும் ஓடி, கீழ் வேகங்களில் ஓடவில்லை என்றால் ரெசிஸ்டரைச் சந்தேகிக்கலாம். இது காற்றுப்பாதைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் சுருள் கம்பிகளால் ஆனது. புளோயர் காற்றே அதைக் குளிரவைக்கிறது. கழற்றி ஓம் அளந்தால் சில ஓம்களுக்குள் இருக்க வேண்டும். அளவே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது அல்லது அதோடு சேர்ந்த வெப்பப் பியூஸ் போயிருக்கிறது. அந்தப் பியூஸின் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு ஓட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. காற்று நின்றுபோனால் வண்டி தீப்பிடிக்காமல் தடுக்கக் கடைசியாக இருப்பது அந்தப் பியூஸ்தான். புதிதாகப் போட்ட ரெசிஸ்டரும் சில மாதங்களில் போய்விட்டால் மோட்டார் இறுகிச் சுழல்கிறது அல்லது காற்றுப்பாதை அடைத்திருக்கிறது என்று பொருள். மோட்டாரைக் கழற்றிக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். மின்னோட்டத்தை அளக்க விரும்பினால் கிளாம்ப் மீட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்ளவும். சாதாரண மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதை அளந்தால் மீட்டரே போய்விடும்.

மோட்டாருக்குப் பாசிட்டிவ் ஊட்டும் இக்னிஷன் சுவிட்ச் பழுதாகிச் சூடாகிற வண்டிகளில் ஒரு ரிலேயைச் சேர்ப்பது மிகவும் பயன்தரும் மாற்றம். ரிலேயின் 30ஆம் எண் முனைக்குப் பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தனி ஒயர், 87 மோட்டாருக்கு, 86 பழைய பாசிட்டிவ் ஒயருக்கு, 85 எர்த்துக்கு. இப்போது சுவிட்ச் சுமப்பது ரிலே காயிலின் கால் ஆம்பியருக்கும் குறைந்த மின்னோட்டத்தை மட்டுமே. பியூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். அதற்கு அப்பால் வைத்தால், பேட்டரிக்கும் பியூஸுக்கும் இடையே ஒயர் உரசி ஷார்ட் ஆனால் காப்பாற்ற எதுவும் இல்லை. பியூஸின் அளவு வண்டிக்கு முதலிலிருந்தே குறிக்கப்பட்டிருக்கும் அளவே. 20 ஆம்பியர் மஞ்சள் பியூஸ் அடிக்கடி போகிறது என்று 30 ஆம்பியர் பச்சையைப் போடுவது பழுதை ஒயரின் நீளம் முழுவதற்கும் பரப்புவதாகும்.

கம்ப்ரஸர் கிளட்ச்

கிளட்ச் காயிலின் தடை பெரும்பாலும் 3 முதல் 5 ஓம் வரை இருக்கும். 3 அல்லது 4 ஆம்பியர் இழுக்கும். ஏ.சி.யைப் போட்டும் ‘டக்’ என்ற ஓசை கேட்கவில்லை என்றால், கம்ப்ரஸர் அருகிலுள்ள கப்ளரில் இருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேட வேண்டும். அங்கே முழு வோல்டேஜ் இருந்தும் கிளட்ச் ஒட்டவில்லை என்றால் காயிலையும், கம்ப்ரஸருக்கு எஞ்சின் வழியாகக் கிடைக்கும் எர்த்தையும் பார்க்கவும். காயிலும் சரியாக இருந்து, குளிர்ந்திருக்கும்போது ஒட்டி, சூடானபின் ஒட்டாமல் போனால், கிளட்ச் தகட்டுக்கும் புல்லிக்கும் இடையேயான இடைவெளி தேய்மானத்தால் கூடியிருக்கலாம். அது அரை மில்லிமீட்டர் அளவில் இருப்பதே சரி.

வோல்டேஜே வரவில்லை என்றால் ரிலே, பிரஷர் சுவிட்ச், கூலிங் காயிலின் தெர்மோஸ்டாட் அல்லது சென்சார், டேஷ்போர்டு சுவிட்ச் என்ற வரிசையில் போகலாம். அதே எண்கள் கொண்ட ஹார்ன் ரிலே இருந்தால், அதைக் கழற்றி இங்கே மாட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை. பிரஷர் சுவிட்சின் கப்ளரைக் கழற்றி, சுவிட்சின் இரு முனைகளுக்கும் இடையே இணைப்பு இருக்கிறதா என்று மீட்டரால் பார்க்கவும். இணைப்பு இல்லை என்றால் பெரும்பாலும் கேஸ் குறைந்திருக்கிறது. அதைக் கம்பியால் இணைத்துவிட்டு ஓட்டக் கூடாது. கேஸோடு சேர்ந்து சுற்றிவரும் ஆயில்தான் கம்ப்ரஸருக்கு உயிர், கேஸ் இல்லாமல் ஓடினால் கம்ப்ரஸர் இறுகிவிடும். சில கிளட்ச் ஒயர்களில் கண்ணில் படாத ஒரு டயோடு டேப்புக்குள் இருக்கும். கிளட்ச் விடும்போது காயிலில் எழும் மின்னழுத்த உதையை அது தாங்கிக்கொள்கிறது. ஒயரை மாற்றும்போது அதைத் தூக்கி எறிந்துவிட்டால் ரிலேயின் முனைகள் விரைவில் தீய்ந்துபோகும். அதைத் தலைகீழாக மாட்டினால் பியூஸ் உடனே போய்விடும்.

கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்கள் ஐடில் அப் சொலினாய்டின் (ஏ.சி. போடும்போது எஞ்சினின் ஐடில் வேகத்தை உயர்த்தும் மின்வால்வு) இரண்டு ஒயர்களையும் விட்டுவிடக் கூடாது. ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினின் வலுவும் அந்த அளவுக்கு இறங்கியிருக்கும். அந்நிலையில் ஏ.சி. ஒட்டும்போது ஐடில் உயரவில்லை என்றால், வளைவில் காலெடுத்தவுடன் எஞ்சின் நின்றுவிடும்.

ஒயரை இணைத்தல்

கருகிய பகுதியை, செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை பின்னோக்கி வெட்டிவிட வேண்டும். கறுத்த செம்பில் கிரிம்பும் பிடிக்காது, ஈயமும் பிடிக்காது. புளோயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத, பல இழைகள் கொண்ட வாகன ஒயரையே பயன்படுத்த வேண்டும். கிளட்சுக்கு 1 அல்லது 1.5 போதும். வீட்டு ஒயரிங்கின் ஒற்றைக்கம்பி அதிர்விலேயே ஒடிந்துவிடும். கப்ளர் உருகியிருந்தால் புதிய கப்ளரும் புதிய முனைகளும் போட வேண்டும். உருகிய கப்ளரை ஒதுக்கிவிட்டு ஒயர்களை முறுக்கி டேப் சுற்றுவது ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. என் விருப்பம் கிரிம்ப் செய்து, பசையுள்ள ஸ்லீவைச் சூடேற்றி மூடுவது. ஈயம் வைப்பதும் தவறல்ல. ஆனால் ஈயம் ஊறிய இடம் விறைத்துவிடுவதால், அதற்கு அடுத்தே ஒயரைப் பாடியோடு கட்டி அதிர்வு தாக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தண்ணீரும் எலியும்

மேற்சொன்ன எல்லாவற்றையும் செய்தபின்னும் பழுது திரும்பினால், காரணம் வெளியிலிருந்து வருகிறது. வைப்பருக்கு அடியிலுள்ள காற்றுவழித் தொட்டியில் சில்வர் ஓக் இலையும் சைப்ரஸ் சருகும் சேர்ந்து வடிகாலை அடைத்துக்கொண்டால், மழைநீர் நிரம்பி நேராகப் புளோயர்மீதும் ரெசிஸ்டர்மீதும் வழியும். மழை தொடங்குமுன் அந்தச் சல்லடையைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு குடம் தண்ணீரை ஊற்றி இருபுறமும் கீழே வடிகிறதா என்று பார்க்க வேண்டும். கூலிங் காயிலின் வடிகுழாய் அடைத்திருந்தாலும் இதே கேடுதான், ஏ.சி. ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டாமல், பயணியின் கால்விரிப்பு நனைந்தால் அதுவே அடையாளம்.

தோட்டத்துப் பக்கம் வெளியில் நிறுத்தப்படும் வண்டிகளில் எலிகள் குளிருக்கு ஒதுங்கிப் புளோயர் கூண்டுக்குள் கூடுகட்டும். காற்றுவழியில் நெருக்கமான துருப்பிடிக்காத கம்பிவலையைப் பொருத்துவதே நிலையான தீர்வு. எலி கடித்த ஒயர்க்கட்டில் ஒரு ஒயர் அறுந்திருந்தால் பக்கத்திலுள்ளவற்றின் உறையும் கடிபட்டிருக்கும் என்பதால், டேப்பை ஒரு முழம் வரையாவது பிரித்துப் பார்த்துவிட வேண்டும்.

வேலை முடிந்தபின் ஹெட்லைட், வைப்பர், ஏ.சி. எல்லாவற்றையும் போட்டு, புளோயரை முழு வேகத்தில் வைத்து கால் மணி நேரம் எஞ்சினை ஓடவிடவும். பிறகு கைவைத்த ஒவ்வொரு கப்ளரையும் தொட்டுப் பார்க்கவும். வெதுவெதுப்பு இருக்கலாம், விரலை எடுக்கவைக்கும் சூடு இருக்கக் கூடாது. பேட்டரியிலும் மோட்டாரிலும் கிளட்ச் கப்ளரிலும் மீண்டும் வோல்டேஜை அளந்து, அந்த எண்களைத் தேதியோடு எழுதி, முன்பு வரைந்த ஒயர்ப் படத்தோடு சேர்த்து வண்டியிலேயே வைத்துவிட்டால், அடுத்த முறை பழுது பார்ப்பவர் எதையும் முதலிலிருந்து தேட வேண்டியிராது.